சன்னலோரத் திருப்பலி: மிலான் 1576, பம்பாய் 1896

1576ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் மிலான் நகரத்து மக்கள் வீட்டைவிட்டு வெளியே வரலாகாது என்று ஆணை பிறந்தது. ஆகஸ்டு மாதத்திலேயே கொள்ளைநோய் நகருக்குள் நுழைந்துவிட்டது. ஸ்பானிய ஆளுநர் அயமோந்தே கோமகன் விஜெவானோவுக்கு அகன்றார். வசதி படைத்த குடும்பங்களில் பல தத்தம் நாட்டுப்புற மாளிகைகளுக்குச் சென்றன. எஞ்சியோர் பெரும்பாலும் கைவினைஞர்களும் கூலிக்காரர்களும். தறி நின்றால் அடுப்பும் நின்றுவிடும் நிலையில் இருந்தவர்கள். நாற்பது நாள் என்று அறிவிக்கப்பட்ட அடைப்பு மேலும் மேலும் நீட்டிக்கப்பட்டது. அவ்வாண்டின் கிறிஸ்து பிறப்பு விழாவும் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் கழிந்தது.

2020இல் திருப்பலிகள் திரைக்கு இடம்பெயர்ந்தபோது, கத்தோலிக்க வரலாற்றில் இதற்கு முன்னுதாரணமே இல்லை என்ற கூற்று பரவலாக ஒலித்தது. தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் கோவிலுக்குச் செல்ல இயலாத மக்கள்திரள் வீட்டுக்குள் இருந்தவாறே ஒன்றுகூடி வழிபட முடியுமா என்ற வினா பழையது. அதற்கு மிலானில் கிடைத்த விடை கூர்ந்து நோக்கத்தக்கது.

அப்போதைய பேராயர் கர்தினால் சார்லஸ் பொரோமியோ. திருத்தந்தை நான்காம் பயஸின் மருமகனாகிய இவர், திரெந்து பொதுச்சங்கத்தின் இறுதிக் கட்டத்தை உரோமையிலிருந்து கடிதங்கள் வழியே நெறிப்படுத்தியவர். நோய் பரவிய செய்தி எட்டியபோது லோதியில் இருந்தார். உடனே நகருக்குத் திரும்பினார். வெள்ளிப் பாத்திரங்களை விற்றதும், பேராயர் இல்லத்துத் திரைச்சீலைகளைக் கிழித்து ஏழைகளுக்கு ஆடை தைக்கக் கொடுத்ததும் புனிதர் வரலாறுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுபவை. அவை உண்மையே. ஆயினும் புனிதர் வரலாறுகள் தயங்கிக் கடந்துபோகும் இடம் ஒன்றுண்டு. அடைப்புக்குச் சில வாரங்களுக்கு முன், அக்டோபர் தொடக்கத்தில், பொரோமியோ பெரும் தவப் பவனிகளை நடத்தினார். கழுத்தில் கயிறு பூட்டி, வெறுங்காலுடன், பேராலயத்தின் புனித ஆணியைச் சிலுவையில் ஏந்தி முன்னே நடந்தார். கூட்டம் சேர்ந்தால் நோய் பரவும் என்று அஞ்சிய நகரச் சுகாதார அதிகாரிகளின் தயக்கத்தை மீறியே இது நடந்தது. தொற்று பற்றிய அறிவு அக்காலத்தில் முற்றிலும் இல்லாதிருந்தது என்று கூறி இதை எளிதில் கடந்துவிட முடியாது. அச்சத்தை வெளியிட்டவர்கள் அன்றும் இருந்தனர்.

ஆகவே, தெருவில் திரளும் வழிபாட்டிலிருந்து வீட்டுக்குள் அடைபட்ட வழிபாட்டுக்கு நிகழ்ந்த மாற்றம் பொரோமியோவின் முதல் விருப்பம் அன்று. நிலைமை அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. நின்றபின் அவர் செய்த ஏற்பாடுகள்தாம் வியப்புக்குரியவை. நாற்சந்திகளில் பலிபீடங்கள் எழுப்பப்பட்டன. குருக்கள் அங்கே திருப்பலி நிறைவேற்ற, மக்கள் சன்னலிலும் வாயிற்படியிலும் நின்று பங்கேற்றனர். பாவசங்கீர்த்தனம் கேட்கும் குரு தெருவில் அமர்ந்தார்; செய்பவர் கதவுக்கு உட்புறம் முழந்தாளிட்டார். கதவுப் பலகையே பாவசங்கீர்த்தனத் தொட்டியின் தடுப்பாயிற்று. (குருவுக்கும் மன்றாடுபவருக்கும் இடையே தடுப்பு வைத்த அத்தொட்டியைக் கோவில்களில் பரவலாக்க முனைந்தவர்களில் முதன்மையானவரும் இதே பொரோமியோதான் என்பது சுவையான ஒற்றுமை.)

அனைத்திலும் முக்கியமானது மணி. நாளொன்றுக்கு ஏழு முறை மணி ஒலித்தது. ஒலித்ததும் தெருவெங்கும் மக்கள் சன்னல்களுக்கு வந்தனர். ஒரு வரிசை வீட்டார் மன்றாட்டுமாலையின் ஓர் அடியைப் பாட, எதிர்வரிசை வீட்டார் மறுமொழி பாடினர். இயேசு சபைக் குரு பவுலோ பிஷோலா எழுதி 1577இல் அச்சான நிகழ்ச்சிக் குறிப்பு இக்காட்சியை நெகிழ்ச்சியுடன் விவரிக்கிறது. மாற்றிமாற்றிப் பாடும் இம்முறை துறவு மடங்களின் பாடற்குழுவுக்கு உரியது. எழுதப் படிக்கத் தெரியாத நெசவாளர்களின் சந்து ஒன்று, சில மாதங்களுக்கு, மடத்தின் கால ஒழுங்கையும் அதன் குரலையும் எடுத்துக்கொண்டது. பார்வைக்கு எட்டாத அண்டை வீட்டார் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அவர் குரலே சான்று. ஒரு குரல் நின்றுபோனால் அதுவும் தெருவுக்குத் தெரிந்திருக்கும்.

நகரின் கீழை வாயிலுக்கு வெளியே இருந்த லாசரெத்தோவில் நிலைமை இதனினும் கொடியது. நான்கு புறமும் அறைகள் வரிசையாகச் சூழ்ந்த மாபெரும் சதுர முற்றம். கப்புச்சின் துறவி பவுலோ பெல்லிந்தானி அதை நிர்வகித்தார். முற்றத்தின் நடுவே ஒரு சிற்றாலயம். கொள்ளைநோய்க்குப் பின் கட்டடக் கலைஞர் பெல்லெக்ரீனோ திபால்தியின் வடிவமைப்பில் அது எண்கோணமாக, சுற்றிலும் திறந்த வளைவுகளுடன் புதிதாக எழுந்தது. எந்த அறையில் படுத்திருப்பவருக்கும் பலிபீடம் தெரியவேண்டும் என்பதே அவ்வடிவத்தின் நோக்கம்.

பார்ப்பது மட்டும் போதுமா? 1551ஆம் ஆண்டு அக்டோபர் 11 அன்று கூடிய திரெந்து சங்கத்தின் பதின்மூன்றாம் அமர்வு, நற்கருணையை வாயால் உட்கொள்ளாமல் ஆவல் கொண்ட விசுவாசத்தால் மட்டும் பெறுவதையும் ஒரு முறையாக ஏற்றிருந்தது. மேலும், அக்காலப் பொதுநிலையினர் பெரும்பாலோர் ஆண்டில் ஓரிரு முறையே நற்கருணை உட்கொண்டனர். எழுந்தேற்றத்தைக் கண்ணால் காண்பதே அவர்களின் ஞாயிற்றுக்கிழமை. 2020இல் வாழ்ந்தவர்களோ திருத்தந்தை பத்தாம் பயஸ் 1905இல் அடிக்கடி நற்கருணை உட்கொள்ளும் வழக்கத்தை ஊக்குவித்த ஆணைக்குப் பின் வந்த தலைமுறைகள். எனவே ஒரே இறையியல் விடை இரு காலங்களிலும் ஒரே அளவு ஆறுதல் தந்திருக்க முடியாது. பின்னவர்களின் பசி பெரிது.

மிலான் நகரில் ஏறத்தாழ 17,000 பேர் மாண்டனர். 1578 சனவரியில் நகரம் நோய் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பொரோமியோ தம் மக்களுக்கு ‘நினைவூட்டல்’ என்ற நூலை வெளியிட்டார். வெறிச்சோடிய தெருக்களையும் மூடிய கடைகளையும் நினைவுபடுத்தி, உயிர் பிழைத்தமைக்கு நன்றி மறவாதீர் என்கிறது அந்நூல். உருக்கமான எழுத்துதான். ஆனால் அதே காலத்தில் கார்னிவல் கேளிக்கைகளைக் கட்டுப்படுத்த அவர் ஆளுநருடன் மோதிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். சன்னலில் தாமாகப் பிறந்த நன்றியுணர்வு, கட்டளையாக மாற்றப்படும்போது சற்றே வேறு பொருளாகிவிடுகிறது. மக்கள் ஆடிப்பாட விரும்பியதும் பிழைத்தமைக்கான நன்றியின் ஒரு வடிவமே என்று பேராயருக்குத் தோன்றவில்லை.

நாற்சந்திப் பலிபீடங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் பின்னர் சிலுவைகளும் கல்தூண்களும் எழுந்தன. அவற்றைப் பேணத் தெருவாரியாகச் சிலுவைச் சபைகள் அமைந்தன. அவற்றுள் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அகற்றப்பட்டன. சில மட்டும் எஞ்சின.

இந்தச் சிலுவைகள் இந்திய ஆய்வாளருக்குப் பம்பாயை நினைவூட்டாமல் இரா. 1896 செப்டம்பரில் மாண்டவிப் பகுதியில் கொள்ளைநோயை முதலில் இனங்கண்டு அறிவித்தவர் கோவாவில் பிறந்த கத்தோலிக்க மருத்துவர் அக்காசியோ கேப்ரியல் வியேகாஸ். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. வீடு புகுந்து சோதனை, கட்டாயப் பிரிப்பு முகாம்கள், மக்களின் அச்சம், சூனில் புனேயில் ராண்டின் கொலை என அந்த வரலாறு நன்கு அறியப்பட்டதே. குறைவாகப் பேசப்படுவது பாந்திரா, கிர்காவ், மசகாவ் ஆகிய இடங்களின் சந்துகளில் கத்தோலிக்கக் குடும்பங்கள் அமைதியாகச் செய்த காரியம். வீட்டு முற்றத்திலும் தெருமுனையிலும் சிலுவைகளை நட்டனர். நோய் அண்டாதிருக்க வேண்டிக்கொண்டு சிலர், தப்பியதற்கு நன்றியாகச் சிலர். இன்று எல்லாப் பழைய சிலுவைகளையும் ‘பிளேக் சிலுவை’ என்றே அழைப்பது வழக்கமாகிவிட்டது. அவற்றுள் சில அந்நோய்க்கு முந்தியவை, சில முற்றிலும் வேறு காரணத்துக்கு எழுந்தவை. பெயர் அப்படிப் பரவியதே நினைவின் வலிமைக்குச் சான்றுதான்.

பம்பாய்ச் சிலுவைகளுக்கு மிலானின் முன்னுதாரணம் தெரிந்திருந்தது என்று வாதிடத் தேவையில்லை. மிலானில் பேராயர் திட்டமிட்டார். இங்கே பெரும்பாலும் குடும்பங்களும் தெருவாரும் தாமே முனைந்தனர். இரண்டிலும் பொதுவானது ஒன்று: கோவிலை அடைய அஞ்சிய அல்லது இயலாத காலத்தில், வழிபாட்டின் இடம் வாயிற்படிக்கு நகர்ந்தது.

2020 மார்ச் 11 அன்று மிலான் பேராயர் மாரியோ தெல்பீனி பேராலயத்தின் கூரைமேல் ஏறி, உச்சியில் நிற்கும் மாதா சுரூபத்தின் அடியில் தனியே நின்று செபித்தார். மார்ச் 27 அன்று ஆளற்ற புனித பேதுரு சதுக்கத்தில், மழையில், 1522ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது உரோமைத் தெருக்களில் பவனியாகக் கொண்டுசெல்லப்பட்ட சிலுவையின் முன் திருத்தந்தை பிரான்சிஸ் நின்றார். இரண்டும் உலகம் கண்ட காட்சிகள். ஆனால் இரண்டிலும் மக்கள் பார்வையாளர்கள். எதிர்வரிசையிலிருந்து மறுமொழி பாடும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. அந்த மறுமொழியை இத்தாலியில் மாடங்களில் நின்று பாடிய அண்டை வீட்டாரிடம் தேடலாம்; அவர்கள் பாடியவை பெரும்பாலும் பக்திப் பாடல்கள் அல்ல என்பது வேறு செய்தி.

அதே மார்ச்சில் இந்தியாவில் 1897ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. பம்பாயின் கிழக்கிந்தியர், கோவர் குடியிருப்புகளில் மே மாதம் சிலுவைகளுக்கு உரியது. மாலை வேளையில் அண்டை வீட்டார் கூடி மன்றாட்டுமாலை பாடுவர். முடிந்ததும் வேகவைத்த கடலையைக் கைகளில் பங்கிடுவர். 2020 மே மாதத்தில் ஊரடங்கு கூட்டங்களுக்கு இடந்தரவில்லை. கொள்ளைநோயிலிருந்து காக்கும்படி நடப்பட்ட சிலுவைகள், இன்னொரு கொள்ளைநோயின்போது, சன்னல்களிலிருந்து மட்டுமே பார்க்கத்தக்கவையாய் நின்றன.