ஈளை மருந்து கற்பித்த பாடம்

ஆஸ்துமா எனப்படும் ஈளை நோய் மிகத் தொன்மையானது. மூச்சுக்குழாயைச் சூழ்ந்த தசை இறுகுவதாலும், உட்சுவர் வீங்கிச் சளி அடைப்பதாலும் காற்று செல்லும் வழி குறுகிவிடுகிறது. இறுகிய தசையைத் தளர்த்தும் மருந்தை மாந்தர் தேடிய வரலாறு நெடியது. அவ்வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. ஊமத்தையைப் புகைத்து மூச்சுத் திணறலைத் தணிக்கும் வழக்கம் 1802-ஆம் ஆண்டில் ஜெனரல் ஜெண்ட் என்பார் வாயிலாகச் சென்னையிலிருந்து பிரிட்டனுக்குச் சென்றது. அளவு மிகுந்தால் அதே ஊமத்தை அறிவைக் கலக்கும் நஞ்சாகும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே அளவே எல்லையாக நின்றது.

20-ஆம் நூற்றாண்டில் இத்தேடல் விரைவு கொண்டது. ஜப்பானிய அறிஞர் தக்காமினே 1901-இல் வெளிப்படுத்திய அட்ரினலின், 1903-இல் ஊசி வழியே ஈளை நோயாளருக்கு அளிக்கப்பட்டது. சீனரின் பழம்பெரும் மூலிகையான மா ஹுவாங்கில் அடங்கிய எபிட்ரின், 1924-இல் வெளிவந்த ஆய்வுக்குப்பின் உலகெங்கும் பரவியது. 1940-களில் ஐசோபிரினலின் தோன்றியது. 1956-இல் அமெரிக்காவில், அழுத்தினால் அளவோடு மருந்தைத் தெளிக்கும் கையடக்கக் குப்பி விற்பனைக்கு வந்தது. ஈளையால் துன்புற்ற தம் மகள் கேட்ட கேள்வியே ஜார்ஜ் மெய்சன் என்பாருக்கு இக்கருவியின் எண்ணத்தைத் தந்தது என்பர். நோயாளர் மருத்துவரை எதிர்நோக்காமல் தாமே நிவாரணம் பெறும் காலம் பிறந்தது.

ஆனால், 1960-களில் இங்கிலாந்தில் எதிர்பாராத அவலம் நேர்ந்தது. 1959-க்கும் 1966-க்கும் இடையே, 10 முதல் 14 வயதுக்குட்பட்டோரிடையே ஈளையால் இறப்போர் விகிதம் ஏறக்குறைய எட்டு மடங்காயிற்று. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பலர் மாண்டனர். நோய் பெருகியதோ, அதைக் கண்டறியும் முறை மாறியதோ இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. ஆகவே ஸ்பைசர், டால், ஹீஃப் என்னும் ஆய்வாளர்கள் குப்பி மருந்தின்மேல் ஐயுற்றனர். 1967-இல் மருந்துப் பாதுகாப்புக் குழு மருத்துவர்களை எச்சரித்தது. 1968 இறுதியில், மருத்துவர் சீட்டின்றி அதனை வாங்கலாகாது என்னும் கட்டுப்பாடு வந்தது. விற்பனை குறைந்தது, இறப்பும் குறைந்தது.

அமெரிக்காவில் இத்தகைய அவலம் நேரவில்லை. அதன் காரணத்தை ஆராய்ந்த பால் ஸ்டாலி, ஒவ்வொரு தெளிப்பிலும் ஏறக்குறைய ஐந்து மடங்கு மருந்தைத் தந்த கடும் வகை அங்கு விற்கப்படவில்லை என 1972-இல் சுட்டினார். மிகை மருந்து இதயத்தைத் தாக்கியதா, தற்காலிக நிவாரணத்தை நம்பி நோயாளர் மருத்துவரிடம் செல்வதைத் தாமதித்தனரா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவியது. 1976 முதல் நியூசிலாந்தில் இத்தகைய துயரம் மீண்டும் தோன்றியபோது, பினோடிரால் என்னும் மற்றொரு மருந்தின்மேல் ஐயம் எழுந்தது. 1989-இல் வெளியான ஆய்வு அவ்வையத்தை வலுப்படுத்தியது.

இவ்வரலாற்றின் பயன் தெளிவு. தசையைத் தளர்த்தும் மருந்து உடனே மூச்சை மீட்பது உண்மை; உட்சுவரின் வீக்கத்தை அது தணிப்பதில்லை. வீக்கத்தைத் தணிக்கும் மூச்சிழுப்பு ஸ்டீராய்டு 1972-இல் வழக்கிற்கு வந்தது. வளர்ந்தோரும் குமரப் பருவத்தினரும் விரைந்து செயற்படும் தளர்த்தியை மட்டுமே நம்பி ஈளைக்கு மருத்துவம் செய்துகொள்ளலாகாது என 2019-இல் உலக ஈளை நோய் வழிகாட்டிக் குழு அறிவுறுத்தியது. குப்பியை அடிக்கடி நாட வேண்டியிருப்பது நோய் கட்டுக்கடங்கவில்லை என்பதன் அறிகுறியாகும். அவ்வறிகுறி தோன்றும்போது செய்யத்தக்கது, மேலும் ஒருமுறை தெளித்து அமைவதன்று, மருத்துவரை நாடுவதே.