மும்பைக்கு வந்த ஜிப் கோப்புகள்

மும்பையில் கணினிக் கோப்புகளைச் சுருக்கிக் கட்டி அனுப்பும் வழக்கம் தொலைபேசிக் கம்பியின் மந்த வேகத்தாலும் ஃபிளாப்பியின் சிறிய கொள்ளளவாலும் ஏற்பட்டது. ஜூஹுவில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், சீனிவாசன் ரமணியின் தலைமையில், 1980களின் பிற்பகுதியிலேயே எர்நெட் என்னும் கல்வி, ஆய்வு வலைப்பின்னலில் முக்கிய இடம் பெற்றிருந்தது. பொதுமக்களுக்கோ 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் என்னும் நிறுவனத்தின் மூலமாகத்தான் இணையம் கிடைத்தது. வினாடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் ஒரு மெகாபைட் கோப்பு இறங்கக் கால் மணி நேரமாவது பிடிக்கும் என்பதால், சுருக்காத கோப்பை அனுப்புவது பணத்தையும் நேரத்தையும் வீணாக்குவதாகவே கருதப்பட்டது.

அந்தத் தேவைக்கு ஈடுகொடுத்தது ஜிப் வடிவம். அமெரிக்காவின் ஃபில் காட்ஸ் 1989இல் வெளியிட்ட பிகேஜிப் என்னும் நிரல், லெம்பெல், சிவ் ஆகிய இருவரும் 1977இல் வகுத்த முறையைத் தழுவியது. ஒரே எழுத்துத் தொடர் மறுபடி வருமிடத்தில் அதைத் திரும்ப எழுதாமல், முன்பு வந்த இடத்தைச் சுட்டும் சிறு குறிப்பை மட்டும் வைப்பதே அம்முறையின் சாரம். இதனால் இடம் மிச்சமாயிற்று. ஆனால் உள்ளிருப்பதன் உருவமும் மாறிற்று. அக்கால வைரஸ் தடுப்பு நிரல்கள் ஏற்கெனவே அறிந்த பைட் வரிசைகளைத் தேடுபவை என்பதால், கட்டைப் பிரித்துப் பார்க்கத் தெரியாத நிரலுக்கு உள்ளே கிடப்பது புலப்படாது.

மும்பையின் எச்சரிக்கை உணர்வு ஆபத்துக்கு எப்போதும் ஓரடி பின்னாலேயே நடந்தது எனலாம். 1990இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட ஜோஷி வைரஸ், ஃபிளாப்பியின் தொடக்கப் பகுதியில் ஒளிந்திருந்து, ஜனவரி 5ஆம் நாள் கணினியை முடக்கி, ‘ஹேப்பி பர்த்டே ஜோஷி’ என்று தட்டச்சு செய்தால்தான் விடுவித்தது. கோப்பு எதையும் திறக்காமலே பரவிய இதைக் கண்டவர்களுக்கு அச்சமெல்லாம் வட்டின்மீதே இருந்தது. வட்டுக்குள் இருக்கும் கட்டின்மீது இல்லை. லாமிங்டன் சாலைக் கடைகளில் படியெடுத்து விற்கப்பட்ட மென்பொருள்களை வாங்கியவர்கள் வட்டு ஓடுகிறதா என்று பார்த்தார்களே அன்றி, அதைக் கட்டியவர் யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விடை சொல்ல ஆளிருந்திராது.

கேள்வி கேட்காத அந்த நம்பிக்கையை, சுருக்கும் கருவியின் பெயராலேயே சிலர் சுரண்டினர். பிகேஜிப்பின் புதிய மூன்றாம் பதிப்பு என்ற போர்வையில் 1995இல் உலவிய போலிக் கோப்பு வன்தட்டில் இருந்ததை அழிக்கக்கூடியது. உண்மையில் அப்படியொரு பதிப்பை பிகேஜிப்பை உருவாக்கிய நிறுவனம் வெளியிடவே இல்லை. 1999 ஏப்ரல் 26 அன்று இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் கணினிகளைச் சாய்த்த சிஐஎச் வைரஸ், கள்ளப் படிகளின் வழியாகவும் பரவியது. நிரலுக்குள் இருக்கும் வெற்றிடங்களில் தன்னைத் துண்டு துண்டாக நிரப்பிக்கொண்டதால், கோப்பின் அளவைச் சரிபார்த்த கவனமான பயனருக்கும் அது பிடிபடவில்லை. வைரஸைப் புகுத்துவோரிடம் இழப்பீடு கோர வழிசெய்யும் 43ஆம் பிரிவைக் கொண்ட தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

தடுப்பு நிரல்கள் கட்டைப் பிரிக்கக் கற்றபின் எதிராளிகள் கட்டையே ஆயுதமாக்கினர். சுமார் 42 கிலோபைட் அளவே உள்ள ஒரு கோப்பு, கட்டுக்குள் கட்டாக முழுவதும் விரித்தால் நாலரைப் பெட்டாபைட், அதாவது 45 லட்சம் கிகாபைட்டாகப் பெருகி, சோதிக்க வந்த நிரலையே திணறடித்தது. 2004இல் பரவிய பேகிள் என்னும் நச்சுநிரல் இன்னும் நுட்பமானது: கடவுச்சொல் இட்டுப் பூட்டிய ஜிப் கோப்பை மின்னஞ்சலில் இணைத்து, கடவுச்சொல்லை மடலிலேயே எழுதியது; அதைப் படிக்கத் தடுப்பு நிரல்கள் கற்றதும் கடவுச்சொல்லைப் படமாக அனுப்பியது. பூட்டைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொண்ட பயனர்கள் தாமே திறந்து வைத்தனர்.

அதே கட்டு இப்போது கைப்பேசிக்கும் வந்துவிட்டது: ஆண்ட்ராய்டு கைப்பேசிச் செயலிகளை நிறுவும் ஏபிகே கோப்பும் அடிப்படையில் ஜிப் வடிவமே. தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ்க் குடும்பங்களிலும் திருமண அழைப்பு வாட்ஸாப்பில் வருவது இயல்பாகிவிட்ட நிலையில், பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே அனுப்பிக் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைப் பெற்று, வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கவரும் மோசடி குறித்து இந்தியாவின் பல காவல்துறைகள் அண்மை ஆண்டுகளில் எச்சரித்துள்ளன. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரலாம். அதைப் பார்க்கச் செயலி ஒன்றை நிறுவச் சொல்ல வேண்டிய தேவை எந்தக் கல்யாண வீட்டாருக்கும் இல்லை.