குதிரை வந்த கரையும் குதிரைக் கல்வியும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை நீளம் குறைந்தது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என விரல்விட்டு எண்ணத்தக்க ஊர்களே அதன்மீது பேரறியப்பட்டவை. ஜெகதாப்பட்டினம் என்றதும் விசைப்படகுகளும் மீனும் இறாலும்தாம் இன்று நம் நினைவுக்கு வரும். குதிரையை எவரும் நினைப்பதில்லை. ஆயினும் இவ்வூரைச் சுற்றிலும் குதிரையின் நினைவுகளே நிறைந்துள்ளன. சற்று வடக்கே கோட்டைப்பட்டினத்தில் மக்கள் வழிபடும் தர்கா, ராவுத்தர் பெயரால் வழங்குவது. ராவுத்தர் என்ற சொல்லுக்குக் குதிரை வீரர் என்பதே பொருள். மயிலேறும் முருகனையே அருணகிரிநாதர் ராவுத்தன் என்று அழைத்திருப்பதை வாசகர்கள் அறிவர். வடமேற்கே உள்நாட்டில் ஆவுடையார்கோயில் உள்ளது. மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்ட திருப்பெருந்துறை அதுவே.

பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்ட அமைச்சர், பெருந்துறையில் குருவைக் கண்டு அப்பொன்னைத் திருப்பணிக்குச் செலவிட்டதும், இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொணர்ந்ததும், அன்றிரவே அவை மீண்டும் நரிகளாகி இலாயத்தைப் பாழாக்கியதும் நாமெல்லாம் கேட்டு வளர்ந்த கதை. நரி பரியான செய்தியைத் திருவாசகமும் அப்பர் தேவாரமும் குறிப்பிடுகின்றன. கதையின் சமயப்பொருள் ஒருபுறம் இருக்கட்டும். வரலாற்று நோக்கில் நம்மை ஈர்ப்பது அதன் பின்புலம். குதிரை கடல்வழி வரும் பொருள். அதை வாங்க அரசுக் கருவூலம் திறக்கப்படும். வாங்கிய குதிரை நிலைப்பதில்லை. இம்மூன்றும் கற்பனையல்ல என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் அயல்நாட்டுக் குறிப்புகள் காட்டுகின்றன.

1290களின் தொடக்கத்தில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கிருந்த அரசர் ஐவரும் ஆண்டுதோறும் ஆளுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினர் என்கிறார். ஹோர்முஸ், கிஷ், தோஃபார், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து அவை வந்தன. ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்றும், பேணத் தெரியாமையே காரணம் என்றும் அவர் எழுதுகிறார். அடுத்து அவர் சொல்வதுதான் கூர்ந்து நோக்கத்தக்கது. குதிரை வணிகர்கள் லாடமடித்து மருத்துவம் பார்க்கும் கைவினைஞர்களை இந்நாட்டுக்கு அழைத்து வருவதுமில்லை, வரவிடுவதுமில்லை. குதிரை மடிந்தால்தானே அடுத்த ஆண்டும் வணிகம் நடக்கும்!

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கூறுவனவும் இதனோடு ஒத்துப்போகின்றன. கிஷ் தீவின் அதிபதியான ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் இருந்தது. விலை, குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில் கடலில் இறந்துபட்ட குதிரைக்கும் அரசே விலை கொடுக்க வேண்டும். ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் பாண்டியரிடமே அமைச்சராக இருந்தார். விற்பவர் அண்ணன், வாங்கும் அரசவையில் செல்வாக்குடன் இருந்தவர் தம்பி!

வந்த குதிரைகளை என்ன செய்தனர்? பச்சை வாற்கோதுமைக்கு மாறாக, வறுத்த வாற்கோதுமையும் நெய்யில் பக்குவப்படுத்திய தானியமும் தந்தனர். காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கக் கொடுத்தனர். நாற்பது நாட்கள் முளைகளில் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்தபின், முறையான பயிற்சியோ சேணமோ இன்றி ஏறி விரட்டினர். விரைவும் வலிவும் மிக்க பரிகள் சில நாட்களிலேயே தளர்ந்து பயனற்றுப் போயின என்கிறார் வஸ்ஸாஃப்.

இன்றைய கால்நடை மருத்துவம் பயின்றவர் இதைப் படித்தால் வியப்படையமாட்டார். குதிரையின் இரைப்பை சிறியது. உண்டதை வாந்தியெடுக்க இயலாத விலங்கு அது. நார்ப்பொருளைப் பெருங்குடலில் நொதிக்கச் செய்து ஊட்டம் பெறுவதற்கே அதன் உடல் அமைந்துள்ளது. புல்லைக் குறைத்துத் தானியத்தை மிகுத்தால் கடும் வயிற்றுவலியும், குளம்பின் உட்புறம் அழன்று நடக்கவியலாது போகும் நோயும் வரும். நிறை தீனியோடு நெடுநாள் ஓய்வில் நின்ற குதிரையைத் திடீரென ஓட்டினால் தசைகள் இறுகிச் சிதையும். அன்புக் குறைவால் அக்குதிரைகள் மடியவில்லை. விருந்தினருக்குச் செய்யும் உபசாரத்தைக் குதிரைக்கும் செய்ததாலேயே மடிந்தன போலும்.

எனின், தமிழர் குதிரையைப் பற்றி ஏதும் அறியாதவரா? அவ்வாறு சொல்லிவிட முடியாது. கடல்வழி வந்த புரவிகளைப் பட்டினப்பாலை அறியும். மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைச் சோழர் கல்வெட்டுகள் குறிக்கின்றன. மல்லகதி, மயூரகதி, வானரகதி, வல்லியகதி, சரகதி எனக் குதிரையின் நடைகளை ஐந்தாகப் பகுத்துப் பெயரிட்டவை நம் நிகண்டுகள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், குதிரைச் சேவகனாய் வந்த இறைவனே பாண்டியனுக்குக் குதிரை இலக்கணம் உரைக்கிறார். நகுலன் இயற்றியதாக வழங்கும் வடமொழி அசுவ சாத்திரம் தஞ்சைச் சரசுவதி மகாலில் பேணப்பெற்று, 1952இல் வண்ணப்படங்களுடன் அச்சேறியது.

இங்கொரு வேறுபாட்டை நாம் மனங்கொள்ள வேண்டும். இவ்விலக்கணங்களில் பெரும்பகுதி நிறம், சுழி, நடை ஆகியன பற்றியது. வாங்கும்போது தேர்ந்தெடுக்க உதவுவது. வாங்கிய பின் நாள்தோறும் வேண்டுவதோ வேறு. எவ்வளவு புல், எப்போது நீர், எத்தனை நாளுக்கொருமுறை லாடம், எத்தனை நாழிகைப் பயிற்சி என்பனவற்றை ஏட்டைவிட இலாயத்தில்தான் கற்க முடியும். அக்கல்வியைச் சுமந்து வரவேண்டிய கைவினைஞனைத்தான் வணிகர் கப்பலில் ஏற்றவில்லை.

போலோவும் வஸ்ஸாஃபும் விற்றவர் பக்கத்துச் செய்திகளையே மிகுதியும் கேட்டிருப்பர் என்பதையும் மறத்தலாகாது. 1311இல் மதுரைவரை வந்த மாலிக் காஃபூர் கொண்டுசென்றவற்றுள் 512 யானைகளும் 5,000 குதிரைகளும் இருந்தன என்பது அமீர் குஸ்ரு தரும் கணக்கு. எண்ணிக்கை மிகைப்பட்டிருக்கலாம். எனினும், எஞ்சியவை நூறுகூட இல்லை என்ற கூற்றோடு அது பொருந்தவில்லை. குதிரைகள் இருந்திருக்கின்றன. ஆனால் உடன்பிறந்தார் பூசலில் பிளவுபட்டிருந்த பாண்டிய நாட்டை அவை காக்கவில்லை.

இக்குறை பாண்டியரோடு ஒழியவில்லை. விசயநகரத்துச் சாளுவ நரசிம்மர் ஹோர்முஸ் குதிரைகளை உயிரோடோ இறந்தோ ஏற்று, ஆயிரம் பர்தாவுக்கு மூன்றாக வாங்கினார் எனப் போர்த்துக்கேயரான நூனிஸ் எழுதியுள்ளார். கடலில் இறந்தவற்றின் வாலைக் காட்டினாலே போதும், விலை கிடைத்துவிடும்.

நெல்வயல் சூழ்ந்த, வெம்மை மிக்க நம் கரையோரம் குதிரை வளர்ப்புக்கு உகந்ததன்று என்பது உண்மையே. ஆயின் தமிழகம் முழுவதும் அத்தகையதன்று. குளிர்ந்த மேட்டுநிலமான ஓசூரில் 1824இல் படைக்குதிரைகளுக்கென ஆங்கிலேயர் பண்ணை தொடங்கினர். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில், தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவில் சேரும் மாணவர்க்குச் சவாரியோடு குதிரைப் பராமரிப்பும் பாடமாகும். ஏறுவதற்குமுன் தேய்த்துவிடுவதும், இறங்கியபின் குளம்பைப் பார்ப்பதும் அக்கல்வியில் அடக்கம். மன்னர் பலர் பொன்கொடுத்தும் பெறாததை மாணவர் இன்று வகுப்பில் பெறுகின்றனர்.

குதிரையின் விலை 220 தினார் என்று வஸ்ஸாஃப் எழுதிவைத்தார். ஒரு லாடக்காரரின் ஊதியம் எவ்வளவு என்று அவர் எழுதவில்லை. பாண்டியர் அதைக் கேட்டறிந்து, ஆண்டுக்குப் பத்துப்பேரை வரவழைத்து, நம் பிள்ளைகளை அவர்களிடம் பழகவிட்டிருந்தால் எவ்வளவோ பொன் மிஞ்சியிருக்கும். பொருளை மட்டும் வாங்கி அதைப் பேணும் அறிவை வாங்காத நாடு, அப்பொருளை ஆண்டுதோறும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இது குதிரைக்கு மட்டும் உரிய உண்மையா என்பதை வாசகர்களின் சிந்தனைக்கே விட்டுவிடுகிறோம்.