குப்பைமேட்டில் துளிர்த்த லார்ச்

கனடாவிலோ ஸ்காட்லாந்திலோ வீட்டு முகப்பின் புல்தரையில் அந்த மரம் தனியாக நிற்கும். ஆளுயரத்துக்கு நேராக ஏறிய தண்டு, அங்கிருந்து கிளைகளை அவிழ்த்துவிட்ட கூந்தல்போலத் தரைவரை தொங்கவிட்டிருக்கும். ஊசியிலை மரம்தான். ஆனால் பைனும் ஸ்புரூசும் பனிக்காலத்திலும் பச்சையாக நிற்க, இது மட்டும் ஐப்பசியில் பொன்னிறமாகி, மார்கழிக்குள் ஓர் ஊசிகூட மிச்சமின்றி மொட்டையாகிவிடும். இதுதான் தொங்கு லார்ச். இன்று தோட்டத்தின் நடுநாயகமாக இருக்கும் இந்த மரம், இங்கே வந்து சேர்வதற்குள் கோட்டைச் சுவர், போர்க்கப்பல், பீரங்கி என்று பலவற்றைப் பார்த்துவிட்டது.

கதை ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் தொடங்குகிறது. ஜூலியஸ் சீசரின் படை அங்கே லாரிக்னம் என்ற கோட்டையை முற்றுகையிட்டது. வாசலில் நின்ற மரக்கோபுரத்தைச் சுற்றி விறகை அடுக்கிக் கொளுத்தினார்கள். தீ அடங்கிய பிறகு பார்த்தால் கோபுரம் அப்படியே நின்றதாம். கோட்டைக்காரர்கள் சரணடைந்த பின்பே அது லார்ச் மரம் என்று தெரியவந்ததாக ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதியிருக்கிறார். உண்மையில் லார்ச்சும் எரியும். பருத்த தடியானால் வெளிப்புறம் கரியாகி உட்புறத்தைக் காத்துக்கொள்ளும். ஆனாலும் 'தீப்பிடிக்காத மரம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பேரரசர் திபேரியஸ் காலத்தில் ரோமுக்கு வந்த 120 அடி நீள லார்ச் உத்தரம் ஒன்று, காட்சிப்பொருளாகவே வைக்கப்பட்டிருந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிப்பிடுகிறார்.

ரோமுக்குப் பிறகு இந்த மரத்தைத் தேடியவர்கள் வெனிஸ் நகரத்தார். சேற்றில் அடித்து இறக்கி, அதன்மேல் மாளிகைகளை எழுப்ப அவர்களுக்குக் கழிகள் தேவைப்பட்டன. அதற்குப் பயன்பட்ட மரங்களில் லார்ச்சும் ஒன்று. பட்டையில் துளையிட்டு எடுத்த பிசினும் கடல் கடந்து விலைபோனது. ஓவியர்களும் மருந்து விற்பவர்களும் அதை 'வெனிஸ் டர்பன்டைன்' என்றார்கள். மரம் மலையில் வளர்ந்தது; பெயரைத் தட்டிச் சென்றதோ அதை விற்ற துறைமுகம்!

அதுவரை லார்ச் வெறும் மரச்சரக்கு. அதைப் பெருமளவில் நட்டு வளர்க்கும் மரமாக்கியது 1738இல் ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு சம்பவம். டிரோல் மலைப்பகுதியிலிருந்து கன்றுகளோடு ஊர் திரும்பிய மென்சிஸ் என்ற நிலக்கிழார், வழியில் டன்கெல்டில் அதோல் பிரபுவிடம் சிலவற்றைக் கொடுத்துச் சென்றார். அயல்நாட்டுச் செடி குளிர் தாங்காது என்று எண்ணிய தோட்டக்காரர், வெப்பக் கண்ணாடிக் கூடத்துக்குள் கன்றுகளைப் பொத்தி வைத்தாராம். பனிமலை மரம் அந்தச் சூட்டில் வாடியது. செத்துவிட்டது என்று குப்பைமேட்டில் வீசிய பிறகு, குளிர்காற்று பட்டு அங்கேயே துளிர்த்ததாம். இது செவிவழிக் கதை. ஆனால் அப்போது நட்டவற்றில் ஒரு மரம் டன்கெல்ட் தேவாலயத்தருகே இன்றும் நிற்கிறது. அதற்குத் 'தாய் லார்ச்' என்றே பெயர்.

அதோல் பிரபுக்களுக்கு லார்ச்மேல் பித்துப் பிடித்துவிட்டது. 1830 வரையில் தலைமுறை தலைமுறையாக ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் லார்ச் மரங்களை நட்டார்கள். ஆள் ஏற முடியாத பாறைச்சரிவுகளில் விதைகளைத் தகரக்குப்பிகளில் அடைத்துப் பீரங்கியால் சுட்டார்கள் என்றும் ஊரில் சொல்வதுண்டு. 1820இல் அந்த மரத்தைக்கொண்டே 'அதோல்' என்ற போர்க்கப்பலும் மிதந்தது.

போர்க்கப்பலுக்கான மரம் வீட்டு முற்றத்துக்கு எப்படி வந்தது? முதலில் புல்தரை வர வேண்டியிருந்தது. 1830இல் எட்வின் பட்டிங் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை அரிவாள்காரர்களையும் ஆடுகளையும் வைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கே வாய்த்த சீரான புல்தரை, நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. 1832இல் தோட்டக்கலை எழுத்தாளர் ஜான் லவுடன் ஒரு புதிய கொள்கையை முன்வைத்தார்: ஒவ்வொரு மரமும் தனித்து நின்று தன் முழு உருவையும் காட்ட வேண்டும். காலியான புல்தரையின் நடுவே நிற்க அப்போது ஒரு நாயகன் தேவைப்பட்டான்.

நாயகனாகத் தேர்வானது ஒரு குறைபாடு. லட்சக்கணக்கில் விதைத்த நாற்றுகளில் அபூர்வமாக ஒன்றிரண்டு நிமிர மறுத்துத் தொங்கும். காட்டுக்காரர்களுக்கு அவை கழிவு. நாற்றுப்பண்ணைக்காரர்களோ அவற்றைப் பொறுக்கிப் பெயரிட்டு விற்றார்கள். 1838இல் வெளிவந்த லவுடனின் மரக் களஞ்சியத்திலேயே தொங்கு லார்ச் இடம்பிடித்துவிட்டது. நம் ஊரில் மாங்கொட்டையை நட்டால் அதே சுவை வரும் என்று யாரும் நம்ப மாட்டார்கள், ஒட்டுக்கன்றைத்தான் வாங்குவோம். தொங்கு லார்ச்சும் அப்படியே. நேரான வேர்ச்செடியின் உச்சியில் தொங்கும் மரத்தின் குச்சியை ஒட்டுக்கட்டுவார்கள். ஒட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அங்கிருந்து கிளைகள் கீழிறங்கும். எந்தெந்த நாட்டுத் தோட்டங்களிலோ நிற்கும் மரங்கள், என்றோ வளைந்து பிறந்த ஒன்றிரண்டு நாற்றுகளின் நகல்கள். அதே காலத்தில் தொங்கும் கிளைகள் துக்கத்தின் அடையாளமாகிக் கல்லறைத் தோட்டங்களிலும் இடம்பெற்றன. வியாபாரம் இன்னும் பெருகியது.

லவுடன் தன் கொள்கையை வெளியிட்ட அதே 1832இல்தான் வில்லியம் கிரிஃபித் என்ற இளம் மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாக மதராஸில் வந்திறங்கினார். செடிகளைத் தேடி பூட்டான் வரை அலைந்து, 1845இல் மலாக்காவில் இறந்தார். இமயத்தில் வளரும் லார்ச்சுக்குத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் அவர் பெயரையே சூட்டினார். அதன் கிளைகள் இயல்பிலேயே தொங்குபவை, ஒட்டுக்கட்டத் தேவையில்லை. ஆனால் பிரிட்டனின் பின்பனியை அது தாங்கவில்லை. அதனால் தோட்டங்களில் அது பரவவில்லை.

அந்த இடத்தை ஜப்பான் பிடித்துக்கொண்டது. 1861இல் ஜான் கூல்ட் வீச் என்ற செடி வணிகர் ஜப்பானிய லார்ச்சைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார். 1885இல் அது டன்கெல்டிலும் நடப்பட்டது. அக்கம்பக்கத்து ஐரோப்பிய லார்ச்சின் மகரந்தம் காற்றில் வந்து கலந்ததை யாரும் கவனிக்கவில்லை. அந்த ஜப்பானிய மரங்களின் விதைகளில் முளைத்த நாற்றுகள் இருவகையிலும் சேராமல் வேகமாக வளர்வதை 1904 வாக்கில்தான் கண்டார்கள். எவரும் திட்டமிடாமல் பிறந்த அந்தக் கலப்பினம் இன்று 'டன்கெல்ட் லார்ச்' என்று வழங்குகிறது.

டன்கெல்டில் பீரங்கி என்றால் அமெரிக்காவில் துப்பாக்கி. கனெக்டிகட் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிட்னி வாக்ஸ்மன், மர உச்சிகளில் நோய்க்கொத்துப்போல் அடர்ந்த கிளைகளைச் சுட்டு வீழ்த்தி, அவற்றின் விதைகளை முளைக்கவைத்துப் புதுத் தோட்ட வகைகளை உருவாக்கினார். நாலாபக்கமும் கிளைகளை வீசி வழியும் 'வேரீட் டைரக்‌ஷன்ஸ்' என்ற லார்ச் அவர் தந்தது. காட்டில் குறை என்று கழித்ததே மறுபடியும் தோட்டத்துக்கு அழகாயிற்று.

டொரண்டோவிலோ ஒஸ்லோவிலோ உங்கள் பிள்ளைகள் புதுவீடு வாங்கி, முற்றத்து ஊசியிலை மரம் பட்டுப்போய்விட்டது என்று பனிக்காலத்தில் சொன்னால், வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். சிறுகிளையின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தால் போதும். உள்ளே பச்சை தெரிந்தால் மரத்தில் உயிர் இருக்கிறது; அது லார்ச்சாக இருந்தால் வசந்தத்தில் துளிர்க்கும்.