இடாப்பில் ஒரு பெயர்

சப்பிரகமுவ தோட்டத் தமிழரின் வாக்குரிமை 1931 முதலே ஏதாவதொரு கடதாசியோடு கட்டப்பட்டிருந்தது. கொழும்பு–கண்டி வீதியில் வரக்காப்பொலயைத் தாண்டிக் கேகாலை, ருவான்வெல்ல பக்கமாகப் பரந்த இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களுக்கும், இரத்தினபுரி மலைச்சரிவில் கொழுந்து பறித்தவர்களுக்கும் இது பொருந்தும். பக்கத்துக் கிராமத்தவரின் பெயர் வயது வந்ததும் வாக்காளர் இடாப்பில் ஏறியது. தோட்டத்து லயக் குடியிருப்பில் இருந்தவரோ தான் இந்நாட்டுக்காரர் என்று முதலில் நிரூபிக்க வேண்டியிருந்தது.

1928இல் அறிக்கை தந்த டொனமூர் ஆணைக்குழு, 21 வயதான ஆண்களுக்கும் 30 வயதான பெண்களுக்கும் வாக்கு என்றது. இந்தியத் தொழிலாளருக்கு ஐந்தாண்டு வதிவு போதும் என்பது அதன் எண்ணம். சிங்களத் தலைவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. வந்துபோகும் கூலிக்கு நாட்டின் ஆட்சியில் பங்கு எதற்கு, கண்டியச் சிங்களவரின் ஆசனங்கள் பறிபோகாதா, துரையும் கங்காணியும் சொன்ன பெட்டியில்தானே இவர்கள் சீட்டுப் போடுவார்கள் என்று வாதித்தார்கள். கடைசி வாதத்தில் ஓரளவு உண்மை இருந்தது. தோட்டத்தில் கங்காணியின் பிடி அப்படிப்பட்டது. ஆனால் அந்தப் பிடியைத் தளர்த்தும் வழியை எவரும் தேடவில்லை. பிடிபட்டவரின் வாக்கையே குறைக்க முயன்றார்கள்.

1931ஆம் ஆண்டின் சட்டம் நிரந்தர வாழிடத்தை நிபந்தனையாக்கியது. அதைக் காட்ட முடியாதவருக்கு எழுத்தறிவும் சொத்தும் வேண்டும். அல்லது நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ் பெற வேண்டும். சான்றிதழ் பெறுவோர், இந்தியத் தொழிலாளர் என்ற முறையில் தமக்கிருந்த தனிப் பாதுகாப்புகளைக் கைவிட வேண்டும். அதனால் அதை நாடியவர் சிலரே. இருந்தும் வாழிடத் தகுதியின் பேரில் 1931இல் சுமார் ஒரு லட்சம் இந்தியர் இடாப்பில் சேர்ந்தனர். 1939இல் அது சுமார் 2,25,000 ஆயிற்று. தகுதியில்லாதோரும் ஏறிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு உடனே வலுத்தது. பதிவு விசாரணை இறுக்கப்பட்டது. 1943இல் எண்ணிக்கை சுமார் 1,68,000ஆக இறங்கியது. இடாப்பைச் சுத்தம் செய்கிறோம் என்ற பெயரில் வாக்காளரைக் குறைக்கும் வழி சுதந்திரத்துக்கு முன்பே பழகிப்போயிருந்தது.

1947 தேர்தலில் நுவரெலியா, தலவாக்கலை போன்ற தொகுதிகளில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது; தொண்டமானும் சி. வி. வேலுப்பிள்ளையும் பாராளுமன்றம் போனார்கள். சப்பிரகமுவவில் நிலை வேறு. இங்கு தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடந்தன. தோட்டத்து வாக்கால் தன் ஆளை அனுப்ப முடியாது. யாரை அனுப்புவது என்பதில் ஒரு கை கொடுக்கலாம். ருவான்வெல்லயில் இடதுசாரி என். எம். பெரேரா வென்றார். வரக்காப்பொல அடங்கிய தெடிகமத் தொகுதியில் டட்லி சேனாநாயக்க வென்றார்.

அவருடைய தந்தை டி. எஸ். சேனாநாயக்கவின் அரசு 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இலங்கையில் பிறந்திருந்தாலும் போதாது. தந்தை இங்கு பிறந்தவராக இருக்க வேண்டும். இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவு கட்டாயமானதே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். பாட்டன் பிறந்த கடதாசி லயத்தில் எங்கே கிடைக்கும்? அதே கடதாசி பெரும்பாலான கிராமத்தவரிடமும் இல்லை. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்கள் சிலவும் கறுப்பினத்தவரைத் தடுக்கப் பாட்டன் வாக்காளராக இருந்தாரா என்று பார்க்கும் விதியை வைத்திருந்தன. அதை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1915இல் செல்லாததாக்கியது.

1949இன் 48ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரஜைகளுக்கு மட்டும் என்றாக்கியது. 1950ஆம் ஆண்டு இடாப்பிலிருந்து தோட்டத்தவரின் பெயர்கள் மொத்தமாக மறைந்தன. அதை எதிர்த்த பெரிய வழக்கு கேகாலை மாவட்டத்திலிருந்தே எழுந்தது. ருவான்வெல்லத் தொகுதி இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கோடக்கன் பிள்ளை என்பவர் விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டதும், இடாப்புத் திருத்த அதிகாரி சிவஞானசுந்தரத்திடம் முறையிட்டார். ஓர் இனத்தவர் மீது மட்டும் தடை சுமத்தும் சட்டத்தை அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவு தடுத்திருந்தது. அதன்படி இந்தச் சட்டங்கள் செல்லாது, பெயரைச் சேர்க்கலாம் என்று அவர் தீர்ப்பளித்தார். பதிவு அதிகாரி முதன்நாயக்க உயர் நீதிமன்றம் போனார். 1951இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சிலும் 1953இல் அதையே உறுதி செய்தது. தன் பிரஜைகள் யார் என வரையறுப்பது சட்டமன்றத்தின் இயல்பான வேலை, பதிவு மூலம் பிரஜாவுரிமை பெற வேறு சட்டமும் இருக்கிறது என்பது அதன் நியாயம். சட்டத்தின் சொற்களில் எந்த இனத்தின் பெயரும் இல்லை என்பதை நீதிபதிகள் பார்த்தார்கள். அந்தச் சொற்கள் தோட்டத்தில் என்ன செய்தன என்பதைப் பார்க்கவில்லை. இடையில் 1952 தேர்தல் நடந்து முடிந்தது. தெடிகம உறுப்பினர் டட்லி பிரதமராக இருந்தார்.

அந்த வேறு சட்டம் 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் 1946க்கு முன் தொடர்ந்து இங்கிருந்ததை நிரூபிக்க வேண்டும். ஆதாரம் தோட்டத்து வரவுப் பட்டியலான செக்ரோலிலும் பதிவேடுகளிலும் இருந்தது. அவை துரையின் அலுவலகத்தில் இருந்தன. கல்யாணம், கருமாதி என்று ஊர் போய்வந்த காலமெல்லாம் கேள்விக்குள்ளானது. சுமார் 2,37,000 மனுக்கள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காகப் போயின. பதிவு பெற்றவர் சுமார் 1,34,000 பேர். மற்றவர்களை 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்றானது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாக ஏற்றன. அடைப்பு நீங்கத் தொடங்கியது 1986, 1988 சட்டங்களால். 1988இல் ஒரு சத்தியக்கடதாசியே பலருக்குப் போதுமானதாயிற்று. எஞ்சியோருக்கு 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது.

இதே காலத்தில் நாட்டில் உண்மையான கள்ள வோட்டும் நடந்தது. 1982 டிசம்பர் 22 சர்வசன வாக்கெடுப்பில் ஆள்மாறாட்டமும் முகவர் மீதான மிரட்டலும் பரவலாக முறையிடப்பட்டன. 1999 ஜனவரியில், கேகாலைக்கு அடுத்த வடமேல் மாகாணத் தேர்தலில், எதிர்க்கட்சி முகவர்கள் விரட்டப்பட்டுப் பெட்டிகளில் சீட்டுகள் திணிக்கப்பட்டன. அவற்றைச் செய்தவர்கள் அதிகாரமும் ஆள்பலமும் உள்ளவர்கள். இடாப்பு விசாரணைகளில் அரை நூற்றாண்டாகச் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட கூலித் தொழிலாளி அல்ல.

இந்த முறைகேடுகளின் பின்னணியில் 2004இன் 14ஆம் இலக்கத் தேர்தல்கள் விசேட ஏற்பாடுகள் சட்டம் வாக்களிப்பு நிலையத்தில் அடையாள ஆவணம் காட்டுவதை விதியாக்கியது. இந்தியாவில் டி. என். சேஷன் காலத்தில், 1993இல், வாக்காளர் அட்டை வந்தது; இங்கிலாந்தில் 2023 உள்ளூராட்சித் தேர்தலில்தான் படமுள்ள ஆவணம் எங்கும் கட்டாயமானது. ஒருவர் பெயரில் இன்னொருவர் போடுவதை அட்டை தடுக்கும் என்று ஆதரிப்போர் சொல்கிறார்கள். அட்டை இல்லாதவர் ஏழைகளும் முதியோருமே என்று எதிர்ப்போர் சொல்கிறார்கள். தோட்டப்பகுதியில் இரண்டாவது வாதம் கண்ணால் கண்டது. தேசிய அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். லயத்தில் பிறந்த பலருக்கு அது இல்லை. இருந்தால் பெயரோ முதலெழுத்தோ ஆவணத்துக்கு ஆவணம் மாறும். அந்த அட்டையும் தென்பகுதியில் நீண்ட காலம் சிங்களத்தில் மட்டுமே அச்சானது. தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று வாசிக்க முடியாதவரே அதை வைத்திருந்தார்.

இன்று கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை ஆகியவையும் ஏற்கப்படுகின்றன. எதுவும் இல்லாதவர் படத்தோடு கிராம உத்தியோகத்தர் மூலம் விண்ணப்பித்து, அந்தத் தேர்தலுக்கான தற்காலிக அட்டையைத் தேர்தல் அலுவலகத்தில் பெறலாம். தேசிய அட்டைக்கான விண்ணப்பத்தைக் கிராமத்தில் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்துவார். தோட்டத்தில் அந்த ஒப்பம் தோட்ட அத்தியட்சகருடையது.