எதிர்வீரசிங்கம், நாகலிங்கம்

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் (1934–2024) ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதல் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்த உயரம் பாய்தல் வீரர், பிற்காலத்தில் கல்வியாளர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரியவிளானில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவர். நண்பர்களுக்கு அவர் ‘எதிர்’.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்ந்தபோது அவருக்கு வயது 17. ஒலிம்பிக்கில் நாட்டின் சார்பில் களமிறங்கிய முதல் இலங்கைத் தமிழர் என அறியப்படுகிறார். 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார்.

1958ஆம் ஆண்டு ரோக்கியோ ஆசியப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். அது அப்போட்டியின் புதிய சாதனை. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கியில் அமெரிக்காவின் வோல்ட் டேவிஸ் ஒலிம்பிக் தங்கம் வென்றது 2.04 மீற்றரில், இடைவெளி ஒரேயொரு சென்ரிமீற்றர். ஆனால் அதற்குள் உலகம் வேகமாக உயர்ந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்: 1957இலேயே சோவியத் வீரர் யூரி ஸ்டெபனோவ் 2.16 மீற்றரை எட்டியிருந்தார். அந்நாளில் தடிப்பான மெத்தைகள் கிடையாது. பாய்ந்தவர் மணலிலோ மரத்தூளிலோதான் விழுவார். அதனால் குறுக்குத் தடியைத் தாண்டுவதோடு, காயமின்றித் தரையிறங்குவதும் பயிற்சியின் ஒரு பகுதி. முதுகைத் தரைக்குக் காட்டிப் பாயும் இன்றைய முறையை டிக் பொஸ்பரி உலகறியச் செய்தது 1968இல், எதிர்வீரசிங்கத்தின் காலம் முடிந்த பின்னர். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் எதிர்வீரசிங்கத்துக்குக் கிடைத்தது வெள்ளி.

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் படித்த அவர், அதன் மெய்வல்லுநர் அணியிலும் இடம்பெற்றார். அப்போது அங்கே பயிற்றுநராக இருந்தவர் ‘டக்கி’ டிரேக். 1960 ஒலிம்பிக்கில் டெகாத்லன் தங்கமும் வெள்ளியும் வென்ற ராபர் ஜோன்சன், சி. கே. யாங் இருவரையும் உருவாக்கியவர் அவர். ஈழத்துப் பள்ளி மைதானமொன்றிலிருந்து போன இளைஞனுக்கு அத்தகைய களம் கிடைத்தது பெரும் பேறே.

விளையாட்டை விட்டபின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். சியாரா லியோன், நைஜீரியா ஆகிய நாடுகளில் கல்விப்பணி ஆற்றினார். முதுமையிலும் வடக்குக்கு வந்து, இளம் வீரர்களுக்கு ஊக்கமும் நுட்ப அறிவும் அளித்தார்; போருக்குப் பிந்திய வட மாகாணக் கல்வி முறைமை மீளாய்விலும் முக்கிய பங்கெடுத்தார். பதக்கத்தைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு இப்பணி பேசப்படவில்லை. அதை முழுமையாக எழுத வேண்டிய கடமை யாழ்ப்பாணத்து ஆய்வாளர்களுக்கு இருக்கிறது.