மெதுவாக ஓடும் கார் பந்தயப் படங்கள்



சென்ற மாதம் இரண்டு பழைய கார் பந்தயப் படங்களைப் பார்க்கச் சொல்லி இங்கே எழுதியிருந்தேன். ஒன்று 1966-இல் வந்த 'கிராண்ட் ப்ரீ'. மற்றது 1971-இல் வந்த 'லெ மான்'. பார்த்தவர்களில் பாதிப் பேரிடமிருந்து ஒரே புகார்: "சார், ரொம்ப ஸ்லோ." என் தங்கை மகன் இன்னும் ஒருபடி மேலே போய், "மாமா, அரை மணி நேரமாக யாருமே பேசவில்லை. போன் மியூட்டில் இருக்கிறதோ என்று இரண்டு முறை பார்த்தேன்" என்று எழுதியிருந்தான்.

புகார் நியாயமானதுதான். ஆனால் அந்த மெதுவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பணி ஓய்வு பெற்றாலும் நான் வரலாற்று வாத்தியார், அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. உங்களில் பலர் பாராட்டும் 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' 2019-இல் வந்தது. அது இரண்டரை மணி நேரம் ஓடுகிறது. 'லெ மான்' இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஆக, நீங்கள் சொல்லும் 'ஸ்லோ' கடிகாரத்தில் இருப்பதல்ல. ஒரு காட்சியில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், நம்மை எவ்வளவு காக்க வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

'கிராண்ட் ப்ரீ' படத்தை எடுத்தவர் ஜான் ஃப்ராங்கன்ஹைமர். 70 மி.மீ. ஃபிலிமில், பிரம்மாண்டமான வளைந்த திரைக்காக எடுத்தார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட படத்துக்குப் போவது ஒரு நாடகத்துக்குப் போவது போல. திரை விலகுமுன் இசை, நடுவில் இடைவேளை, எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரம். அதோடு, அன்றைய ரசிகருக்குப் பந்தயத்தை வாராவாரம் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் வசதி கிடையாது. காரோட்டியின் இருக்கையிலிருந்து பாதை எப்படித் தெரியும் என்பதைப் பெரும்பாலோர் கண்டதே இல்லை. இன்று காருக்குள் கேமரா வைத்துக் காட்டுவது நமக்குச் சாதாரணம். அன்று மொனாக்கோவின் குறுகிய தெருக்களில், தரையை ஒட்டிய உயரத்தில் கேமரா விரைந்தபோது, மக்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பார்கள். அதைச் சீக்கிரம் வெட்டிவிட எந்த இயக்குநருக்கு மனம் வரும்?

ஃப்ராங்கன்ஹைமருக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. கேமராவை மெதுவாக ஓடவிட்டு, திரையில் காரை வேகமாகக் காட்டும் பழைய தந்திரம் வேண்டாம் என்றார். கார் உண்மையிலேயே ஓட வேண்டும். உலக சாம்பியன் ஃபில் ஹில் கேமரா பொருத்திய காரை ஓட்டினார். கதாநாயகன் ஜேம்ஸ் கார்னர் பயிற்சி எடுத்து, தன் காரைத் தானே ஓட்டினார். (பெரும்பாலும் அவை ஃபார்முலா 1 காரைப் போல வேடமிட்ட சிறிய ஃபார்முலா 3 கார்கள். அந்த மட்டில் சினிமா சினிமாதான்.)

இதில் ஒரு வேடிக்கை. நீங்கள் 'இழுவை' என்ற அந்தப் படத்துக்குக் கிடைத்த மூன்று ஆஸ்கர்களில் ஒன்று படத்தொகுப்புக்கு! தொடக்கக் காட்சியை மறுபடி பாருங்கள். சால் பாஸ் என்ற வடிவமைப்பாளரின் கைவண்ணம் அது. திருகு முடுக்கும் கை, புகைக்குழாய், கையுறை மாட்டும் விரல்கள். திரை நான்காகப் பிரிகிறது, பதினாறாகப் பிரிகிறது, பின்பு எண்ண முடியாத கட்டங்களாகிறது. வெட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் பந்தயம் இன்னும் தொடங்கவில்லை! நம்மை அவசரப்படுத்தாமல் பதற்றப்படுத்துகிறார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். படத்தின் நடுவில் வரும் காதல், ஊடல், மணமுறிவுப் பேச்சுகள் உண்மையிலேயே இழுவை. அந்த இடங்களில் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

'லெ மான்' கதை வேறு. (எழுதும்போது கடைசியில் 'எஸ்' வரும், பிரெஞ்சுக்காரர்கள் உச்சரிக்க மாட்டார்கள்.) அங்கே 1923 முதல் நடக்கும் பந்தயம் 24 மணி நேரம். படம் காட்டும் காலத்தில் சனி மாலை 4 மணிக்குத் தொடங்கி ஞாயிறு மாலை 4 மணிக்கு முடிந்தது. யார் முதலில் கோட்டைத் தொடுகிறார் என்பதல்ல கேள்வி, ஒரு முழு நாளில் யார் அதிக தூரம் போகிறார் என்பதுதான். வேகமாகப் போனால் மட்டும் போதாது. கார் உடையாமல் இருக்க வேண்டும், ஓட்டுபவர் தூங்காமல் இருக்க வேண்டும். 1970-ஆம் ஆண்டுப் பந்தயம் மழையில் நடந்தது. இறுதியில் தரவரிசையில் இடம்பெற்றவை ஏழு கார்களே.

அந்த 1970 பந்தயத்தில் தானே ஓட்ட விரும்பினார் நடிகர் ஸ்டீவ் மெக்வீன். வெறும் ஆசை இல்லை. அதே ஆண்டு அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில், காலில் மாவுக்கட்டோடு ஓட்டி, பீட்டர் ரெவ்சனோடு சேர்ந்து இரண்டாவதாக வந்தவர் அவர். ஆனால் படத்துக்குக் காப்பீடு கொடுத்தவர்கள் லெ மானில் அவர் ஓட்டச் சம்மதிக்கவில்லை. அதனால் அவருடைய நிறுவனம் போர்ஷே 908 கார் ஒன்றில் கேமராக்களைக் கட்டி, உண்மையான பந்தயத்திலேயே இறக்கிவிட்டது. அது கடைசிவரை ஓடியது. ஃபிலிம் தீரும்போதெல்லாம் நின்று மாற்ற வேண்டியிருந்ததால் போதிய தூரம் கடக்கவில்லை என்று தரவரிசையில் இடம் கிடைக்கவில்லை. பந்தயத்துக்குள் ஃபிலிம் மாற்ற நின்று நின்று ஓடிய கார்! இதைவிட உண்மையாக ஒரு படத்தை எடுக்க முடியுமா?

அதன்பிறகுதான் சண்டை. இயக்குநர் ஜான் ஸ்டர்ஜஸுக்கு ஒரு கதை வேண்டும். மெக்வீனுக்குப் பந்தயம் மட்டும் போதும். முடிந்த திரைக்கதை இல்லாமலே மாதக்கணக்கில் படப்பிடிப்பு நடந்தது. பணம் கரைந்தது, ஒரு கட்டத்தில் வேலையே நின்றது. ஸ்டர்ஜஸ் விலகிப் போனார். லீ காட்சின் என்பவர் வந்து முடித்தார். மெக்வீன் தன் சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. படமும் ஓடவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சியதுதான் என் மருமகன் மியூட் என்று நினைத்த அந்த அரை மணி நேரம். ஒலிபெருக்கி அறிவிப்புகளைத் தவிரப் பேச்சே இல்லை. கூடாரத்தில் விழிக்கும் ரசிகர்கள், மெல்ல நிரம்பும் திடல், ஹெல்மெட்டுக்குள் ஒரு முகம். நான்கு மணி நெருங்கும்போது எல்லா ஓசையும் அடங்கி இதயத்துடிப்பு மட்டும் கேட்கிறது. பந்தயத் திடலுக்கு நேரில் போனவர்களுக்கு இது புரியும். நம் சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த காலத்தில் போனவர்களைக் கேளுங்கள், வெயிலில் நின்று காத்திருந்ததைத்தான் முதலில் சொல்வார்கள்.

விபத்துக் காட்சியையும் கவனியுங்கள். மெக்வீனின் கார் தடுப்பில் மோதி நொறுங்குகிறது. நொடிகளில் முடிந்துவிடுகிறது. உடனே அடுத்த காட்சிக்குப் போகாமல், அவர் நொறுங்கிய காருக்குள் உட்கார்ந்தபடி அதே மோதலை மனத்துக்குள் மீண்டும் மிக மெதுவாகப் பார்க்கிறார். எந்த நொடியில் கவனம் தவறியது என்று தேடுகிறார். அன்று அந்தத் தேடல் வெறும் சினிமா அல்ல. படப்பிடிப்பின்போதே டேவிட் பைப்பர் என்ற பந்தய வீரருக்கு விபத்து நேர்ந்து, ஒரு காலின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுக்க நேர்ந்தது. 'கிராண்ட் ப்ரீ'யில் முகம் காட்டிய உண்மையான வீரர்களில் லொரென்சோ பந்தினி, படத்தின் முதல் விபத்து நடக்கும் அதே மொனாக்கோ துறைமுக ஓரத்தில், 1967 மே மாதம் மோதித் தீக்காயம் பட்டு மூன்று நாளில் இறந்தார். புரூஸ் மெக்லாரன் 1970 ஜூனில் போனார். யோஹன் ரிண்ட் அதே ஆண்டு செப்டம்பரில் மோன்சாவில் போனார், இறந்த பின்பே உலக சாம்பியன் ஆனார். கேமரா இந்த முகங்களில் ஏன் அத்தனை நேரம் தங்குகிறது என்று இப்போது பார்த்தால் எனக்குக் கேள்வி எழுவதில்லை.

பாதியில் நிறுத்தியவர்கள் 'கிராண்ட் ப்ரீ'யின் கடைசி மூன்று நிமிடத்தையாவது பாருங்கள். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த மோன்சா. பார்வையாளர் மேடை காலி. வென்றவர் அந்த வெறும் பாதையில் தனியாக நடந்துபோகிறார். கார் ஒன்றுகூட இல்லை, அவர் காதில் மட்டும் என்ஜின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.